ஸ்கேன் மெசினுக்குள் போகுமுன்



சிறுநீரக நோயாளர் இருக்கும் வீடுகளுக்குப் போகும்போது ஒரு கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு தாய் கேட்டது இப்படி: "மிஸ், எங்கட மனுசனுக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் ரத்தம் சுத்திகரிக்கினம். அந்தப் பெரிய மெசினுக்குள்ள படுக்க வச்சு ஸ்கேன் எடுத்தா, கிட்னி இன்னும் எவ்வளவு வேலை செய்யுது எண்டு தெரியுமாமே? என்ர சங்கிலிய ஈடு வச்செண்டாலும் எடுக்கலாமா?"

அவர் சொன்ன மெசின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கணவருக்காக, மகனுக்காக, தாய்க்காக எத்தனையோ சகோதரிகள் மனதில் வைத்திருக்கும் கேள்வி இது. டயாலிசிஸுக்குப் போகும் நோயாளியாக இருக்கும் சகோதரிகளும் இதையே கேட்கிறார்கள். ஆகவே இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் செய்யும் ஒருவரின் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அறிய வழமையாக எம்.ஆர்.ஐ. எடுப்பதில்லை. அதற்கு மிகச் செலவு குறைந்த, பழைய முறையொன்று இருக்கிறது. வேறு காரணத்துக்காக டொக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், யுத்தத்தில் பாதிக்கப்பட்ட எம்மைப் போன்றவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டிய சில விடயங்கள் உண்டு.

எமது நாட்டில் இந்த நோய்

1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தின் பதவியா, மெதவாச்சி போன்ற பகுதிகளில் ஒரு வித்தியாசமான சிறுநீரக நோய் வெளிச்சத்துக்கு வந்தது. நீரிழிவும் இல்லை, பிரஷரும் இல்லை. ஆனால் வயலில் வேலை செய்யும் நடுத்தர வயதினரின் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வந்தது. கடும் வெயிலில் உடல் நீரிழந்து வேலை செய்வது, கிணற்று நீரின் தன்மை, விவசாய இரசாயனங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டாலும் இன்றுவரை ஒரே முடிவு எட்டப்படவில்லை. இந்த நோய் பரவிய பிரதேசங்களின் மத்தியில், பொலன்னறுவையில், சீனாவின் உதவியுடன் கட்டப்பட்ட தேசிய சிறுநீரக விசேட வைத்தியசாலை 2021 இல் திறந்துவைக்கப்பட்டது.

நாம் அந்த மாகாணத்துக்கு அயலில் இருக்கிறோம். ஆனால் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் நோய்களில் உலகம் முழுவதும் முன்னுக்கு நிற்பவை நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும்தான். இடம்பெயர்ந்து, முகாம் வாழ்க்கை வாழ்ந்து, பல வருடம் கிளினிக் பக்கம் போகாமல் இருந்த குடும்பங்களில் இவ்விரண்டும் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும். கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் "சிறுநீரகம் பழுது" என்ற சொல்லைக் கேட்கிறோம்.

இரத்தப் பரிசோதனை சொல்லாத கணக்கு

சிறுநீரக நோயாளரின் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல் கிரியேட்டினின். தசைகளிலிருந்து வரும் கழிவு இது. சிறுநீரகம் இதை வெளியேற்ற முடியாமல் போனால் இரத்தத்தில் தேங்கும். டயாலிசிஸ் தொடங்கும் முன் இந்த இலக்கத்தை வைத்துச் சிறுநீரகம் எத்தனை வீதம் வேலை செய்கிறது என்று டொக்டர்மார் மதிப்பிடுவார்கள்.

டயாலிசிஸ் தொடங்கிய பின் அந்தக் கணக்கு சரிவராது. மெசின் இரத்தத்தைச் சுத்தம் செய்து கிரியேட்டினினை இறக்கிவிடுகிறது. அடுத்த நாள் இரத்தம் சோதித்தால் இலக்கம் குறைந்திருக்கும். "குறைஞ்சிட்டுது, இனிப் போகத் தேவையில்ல" என்று நினைத்து ஒரு முறையைத் தவறவிட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இரண்டு மூன்று நாட்களில் மூச்சுத்திணறலோடு அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது. இலக்கம் குறைந்தது மெசினின் வேலையால். சிறுநீரகம் தேறியதாக அதற்கு அர்த்தம் கிடையாது. எந்தக் காரணம் கொண்டும் டொக்டரைக் கேளாமல் ஒரு முறையைக்கூட விட வேண்டாம்.

சலத்தின் அளவு

அப்படியென்றால் மீதமுள்ள வேலையை எப்படி அறிவது? சலத்தைச் சேர்த்து அளப்பதன் மூலம்.

ஒரு டயாலிசிஸ் முடிந்ததிலிருந்து அடுத்த டயாலிசிஸ் தொடங்கும் வரை, அல்லது ஆஸ்பத்திரியில் சொல்லும் 24 மணித்தியாலத்துக்கு, போகும் சலம் முழுவதையும் ஒரு பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். அதன் அளவையும், அதில் உள்ள யூரியா, கிரியேட்டினின் என்பவற்றையும் பார்ப்பார்கள். இரத்தமும் எடுப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் தானாக எவ்வளவு சுத்தம் செய்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேட்கச் சின்ன வேலை. ஆனால் எமது வீடுகளில் இது அவ்வளவு சுலபமில்லை. பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் குடும்பங்கள் உண்டு. பெண் நோயாளிகளுக்குப் போத்தலில் பிடிப்பது சிரமம். ஒரு சுத்தமான பேசினில் பிடித்துப் பிறகு பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளலாம். இரவில் போவதையும் தவறவிடாமல் சேர்க்க வேண்டும். ஒரு தரம் தவறினாலும் கணக்குப் பிழைக்கும். தவறினால் மறைக்காமல் தாதியிடம் சொல்லுங்கள், இன்னொரு நாள் சேர்க்கலாம். பாத்திரத்தைக் குளிரான இடத்தில் வைக்கச் சொல்வார்கள். மருமகள் பார்ப்பாள், அயல்வீட்டார் பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டுப் பாதியை ஊற்றிவிட்டு வரும் தாய்மாரும் இருக்கிறார்கள். வீட்டிலுள்ள நாம்தான் அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டும்.

கொஞ்சமாகப் போகும் சலத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொண்ட நோயாளிகள் பற்றிய ஆய்வொன்று 2001 இல் வெளியானது. நாளொன்றுக்குப் போகும் சலம் 250 மில்லிலீற்றர் கூடும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 36 வீதம் குறைவாக இருந்ததாக அது காட்டியது. 250 மில்லிலீற்றர் என்பது ஒரு பெரிய கோப்பைத் தேநீர் அளவு.

இதை வாசித்துவிட்டு நோயாளிக்குத் தண்ணீரை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். கூடக் குடிப்பதால் பழுதான சிறுநீரகம் கூட வேலை செய்யாது. குடித்த நீர் உடலில் தேங்கி நெஞ்சை அடைக்கும். தேங்கிய நீரை மெசின் வேகமாக இழுக்கும்போது பிரஷர் விழும். பிரஷர் விழ விழ மீதமுள்ள சிறுநீரகமும் அடிபடும். ஆகவே டொக்டர் சொன்ன அளவு நீரே போதும். உடம்பு நோவுக்கென்று டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுப்பதும் மீதமிருப்பதைக் கெடுத்துவிடும்.

எம்.ஆர்.ஐ. எதைக் காட்டும்?

எம்.ஆர்.ஐ. என்பது பெரியதொரு காந்தம். ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக இருக்கும் மெசினின் காந்த பலம் பூமியின் காந்த பலத்தைப் போல 30,000 மடங்குக்கு மேல். உடம்பிலுள்ள நீரின் அணுக்கள் இந்தக் காந்தத்துக்கும் வானொலி அலைக்கும் எப்படிப் பதில் கொடுக்கின்றன என்பதை வைத்து உள்ளுறுப்புகளின் படத்தை அது உருவாக்குகிறது. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. இந்த முறையை உருவாக்கியதற்காக அமெரிக்கரான போல் லோட்டபர், பிரித்தானியரான பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் ஆகிய இருவருக்கும் 2003 இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிறுநீரகத்தில் கட்டி இருக்கிறதா, நீர்க்கட்டிகள் எவ்வளவு பெருத்திருக்கின்றன, இரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா என்பவற்றை இது நன்றாகக் காட்டும். சிறுநீரகத்துக்குள் எவ்வளவு இரத்தம் ஓடுகிறது, பிராணவாயு எவ்வளவு சேருகிறது, எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பவற்றை மருந்து ஏற்றாமலே பார்க்கும் வழிகளையும் ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் நோயாளிகளை டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே எம்.ஆர்.ஐ. மெசினுக்குள் படுக்கவைத்து, அவ்வேளையில் இருதயம் எப்படிச் சிரமப்படுகிறது என்று பார்த்து 2017 இல் ஆய்வு வெளியிட்டார்கள்.

இவை நாளைக்குப் பயன்படக்கூடிய நல்ல ஆய்வுகள். ஆனால் இன்று கிளினிக்கில் சலப் பாத்திரம் செய்யும் வேலையை இவை செய்வதில்லை. ஆகவே "எவ்வளவு வேலை செய்யுது" என்று தெரிந்துகொள்ள மட்டும் தனியார் நிலையத்துக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்குச் சங்கிலியை ஈடு வைக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் டயாலிசிஸுக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் ஓட்டோச் செலவுக்கும் உதவும்.

ஏற்றும் மருந்தின் கதை

படம் தெளிவாகத் தெரிவதற்காக எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சில வேளை ஊசி மூலம் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அதில் கடோலினியம் என்ற உலோகம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் இருப்பவரின் இரத்தத்தில் இந்த மருந்தின் பாதி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறிவிடும். சிறுநீரகம் முற்றாகப் பழுதானவரின் உடலிலோ பாதி வெளியேறவே ஒரு நாளுக்கு மேல் எடுக்கும்.

1997 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிறுநீரக நோயாளிகள் சிலருக்குப் புதுவிதமான வியாதி ஒன்று வந்தது. கை கால்களின் தோல் தடித்து மரம்போல் இறுகியது. மூட்டுகளை மடக்க முடியாமல் சிலர் சக்கர நாற்காலிக்குப் போனார்கள். சிலருக்கு உள்ளுறுப்புகளும் பாதிக்கப்பட்டன. பல வருடம் காரணம் தெரியவில்லை. 2006 இல் ஒஸ்திரியாவைச் சேர்ந்த டொக்டர் தோமஸ் குரோப்னர், தனது டயாலிசிஸ் நோயாளிகளில் கடோலினியம் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்த 9 பேரில் 5 பேருக்கு இந்த வியாதி வந்ததைக் கவனித்து எழுதினார். அதே ஆண்டில் டென்மார்க்கிலும் இதே தொடர்பைக் கண்டார்கள். 2007 இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளுக்குக் கடும் எச்சரிக்கை இடச் சொன்னது. பழைய வகை மருந்துகள் பலவற்றை ஐரோப்பா 2017 இல் நிறுத்திவைத்தது.

இப்போது பயன்படுத்தப்படும் புதிய வகைகள் பாதுகாப்பானவை. சிறுநீரகம் மிக மோசமாகப் பழுதான 4,931 நோயாளிகளுக்குப் புதிய வகை ஏற்றப்பட்ட விபரங்களை ஒன்றுசேர்த்து 2020 இல் வெளியான ஆய்வில் ஒருவருக்குக்கூட இந்த வியாதி வரவில்லை. ஆகவே உயிர்காக்கும் ஒரு ஸ்கேன் தேவையென்று டொக்டர் சொன்னால் பயந்து மறுக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியது இதுதான்: "இவர் டயாலிசிஸ் நோயாளி. மருந்து ஏற்றத்தான் வேண்டுமா? ஏற்றினால் எந்த வகை? அடுத்த டயாலிசிஸ் எப்போது?" என்று கேளுங்கள். ஏற்கெனவே டயாலிசிஸ் செய்பவருக்கு ஸ்கேன் முடிந்ததும் தாமதமின்றி அடுத்த முறையைச் செய்வதற்கு ஒழுங்குபடுத்துவார்கள். சி.ரி. ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்து வேறு. அதற்கும் சிறுநீரக நோய் பற்றிச் சொல்ல வேண்டும்.

உடம்பில் கிடக்கும் செல் துண்டு

நம்மில் எத்தனை பேரின் உடம்பில் செல் துண்டு கிடக்கிறது? தொடையில், முதுகில், தோளில், தலையில். "நோகாட்டி விடுங்க" என்று அன்று டொக்டர் சொன்னார், விட்டுவிட்டோம். ஆண்டுகள் போய்விட்டன. தழும்பை நாமே மறந்துவிட்டோம்.

எம்.ஆர்.ஐ. காந்தம் என்று சொன்னேன். செல் துண்டு இரும்பாக இருந்தால் காந்தம் அதை இழுக்கும், சிலவேளை சூடாக்கவும் செய்யும். தசைக்குள் பல வருடம் கிடந்து தழும்பேறிய துண்டு பெரும்பாலும் அசையாது. கண்ணுக்குள், மூளைக்குள், முள்ளந்தண்டுக்கு அருகில், பெரிய இரத்தக்குழாய்க்கு அருகில் கிடந்தால் ஆபத்து. கண்ணுக்குள் இரும்புத் துகள் இருந்தது தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்த ஒரு தகரத் தொழிலாளியின் கண்பார்வை பறிபோன சம்பவம் 1986 இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்றில் பதிவாகியிருக்கிறது.

ஸ்கேனுக்கு முன் ஒரு படிவம் நிரப்புவார்கள். உடம்பில் உலோகம் உண்டா என்று அதில் கேட்பார்கள். கேள்வி சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். அவசரமாகக் கேட்கும்போது நம் பெண்கள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தலையாட்டிவிடுவார்கள். நான் அறிந்த ஒரு தாயும் அப்படித்தான் தலையாட்டினார். உள்ளே போகும் நேரத்தில் கூடப் போன மகள், "உம்மா, உங்கட நெத்தியில பட்ட செல்?" என்று கேட்டாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கண்குழிக்குப் பக்கத்தில் சின்னத் துண்டு ஒன்று கிடந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. தேவையான விபரத்தைச் சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

மறதி மட்டும் காரணமில்லை, பயமும் ஒரு காரணம். "செல் பட்டது" என்று சொன்னால் எங்கே பட்டது, எப்போது பட்டது, நீ யார் என்று கேட்பார்களோ என்ற பயம் யுத்தம் 2009 இல் முடிந்த பின்னும் பல சகோதரிகளை விடவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்கேன் அறையில் இருப்பவருக்குத் தேவை ஒன்றுதான்: உலோகம் எங்கே இருக்கிறது. "உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது" என்றால் போதும். எப்படி வந்தது என்ற வரலாற்றை நாம் சொல்லத் தேவையில்லை.

இடம்பெயர்வில் எமது மருத்துவத் துண்டுகள், எக்ஸ்ரே படங்கள் எல்லாம் போய்விட்டன. 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு வடக்கிலிருந்து வெளியேறியவர்களிடம், பின்னர் காடும் கடலும் கடந்து வந்தவர்களிடம் எந்த ஆவணம் மிஞ்சியது? எமது உடம்பின் வரலாறு எமது ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. நாம் சொல்லாவிட்டால் அது எவருக்கும் தெரியாது.

சத்தமும் இருட்டும்

இன்னொரு விடயம். எம்.ஆர்.ஐ. மெசின் ஒடுக்கமான குழாய் போன்றது. உள்ளே இருக்கும்போது சம்மட்டியால் அடிப்பதுபோல் விடாமல் சத்தம் வரும். அரை மணித்தியாலம், சிலவேளை அதற்கும் மேல் அசையாமல் படுக்க வேண்டும். பதுங்குகுழிக்குள் செல் சத்தம் கேட்டுக் கிடந்தவர்களுக்கு இது வெறும் சத்தமாக இருக்காது. நெஞ்சு படபடக்கலாம், வியர்க்கலாம், அழுகை வரலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. "எனக்குச் சத்தத்துக்குப் பயம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். காதுக்குப் பஞ்சு அல்லது மூடி தருவார்கள். கையில் ஒரு பந்து தருவார்கள், அழுத்தினால் நிறுத்துவார்கள். உள்ளே போகுமுன் ஸ்காஃப் ஊசி, சாறி ஊசி, தலைமுடி ஊசி, தாலி, தாயத்து எல்லாவற்றையும் கழற்றிக் கூட வந்தவரிடம் கொடுங்கள். லூப் போட்டிருந்தால், கழுத்தில் டயாலிசிஸ் குழாய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கிளினிக் கொப்பியில் எழுதுவோம்

ஒவ்வொரு நோயாளியிடமும் கிளினிக் கொப்பி இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் இந்த நான்கையும் இன்றே எழுதி வையுங்கள்:

1. டயாலிசிஸ் எந்த நாட்களில் செய்கிறோம், நாளொன்றுக்கு ஏறக்குறைய எவ்வளவு சலம் போகிறது.
2. உடம்பில் எந்த இடத்தில் உலோகத் துண்டு இருக்கிறது, அல்லது செல் பட்ட தழும்பு இருக்கிறது.
3. முன்பு எப்போதாவது ஸ்கேனுக்கு மருந்து ஏற்றினார்களா, அப்போது ஏதும் நடந்ததா.
4. ஒத்துக்கொள்ளாத மருந்துகள் எவை.

பாடசாலையில் சிங்களம் படிக்கும் பிள்ளையைக் கொண்டு இவற்றைச் சிங்களத்திலும் எழுதுவியுங்கள். கேள்வி விளங்காத இடத்தில் கொப்பியைக் காட்டினால் போதும். அடுத்த கிளினிக்கில், "சலம் சேர்த்துக் கொண்டுவரவா?" என்று நீங்களாகவே கேளுங்கள்.

சிறுநீரக நோயாளருக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவுக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர்கள், நோயை உறுதிப்படுத்தும் வைத்தியசாலைக் கடிதத்தோடு கிராம சேவகரையோ பிரதேச செயலகத்தையோ அணுகுங்கள். கடிதம் கேட்பதற்குத் தயங்கும் சகோதரி உங்கள் அயலில் இருந்தால் அவரோடு துணைக்குப் போங்கள். மாதர் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கொப்பிகளையும் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அங்கேயே இருந்து எழுதிக் கொடுப்போம்.